இடைநிலை வகுப்பில் உன் அப்பா

அன்பு மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் ஓம், ஆகட்டும் என்று சொன்னேன். அந்த ஓமைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுகம் விசாரித்து, இங்கே வெயில் எப்படி, கடல் எப்படி என்று இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் 'மற்றப்படி எல்லாம் நீ சொன்னபடியே' என்று முடித்து விடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ ஐப்பசிக்கு விமானச்சீட்டுப் போட்டுவிட்டாய். வீட்டை மாமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு மெல்பேர்ணுக்கு வந்து உன்னோடும் மருமகளோடும் நிரந்தரமாக இருந்துவிடச் சொன்னாய். அன்பினால்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் ஐப்பசியில் வரவில்லை மகன். நிரந்தரமாகவும் வரவில்லை. காரணத்தை நீ ஊகிக்க மாட்டாய். நான் பாட்டு வகுப்புக்குப் போகிறேன்.

சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி. சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லி வந்தேன். அது முழுப் பொய்யும் அல்ல. போகிற வழியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவேன். உள்துறைமுக வீதியில் இருந்து மேலே ஏறினால் ஒரு கல்லூரி இருக்கிறதே, அதன் மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் பெரியவர்களுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லித் தருகிறார்கள். ஆரம்ப வகுப்பை ஒரு வருடம் படித்து முடித்துவிட்டேன். இந்த வருடம் இடைநிலை வகுப்பு. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கடலின் ஆழத்தைப் படத்தில் குறித்துக்கொண்டிருந்தவன், வாய் திறந்து பேசுவதற்கே இரண்டு தடவை யோசிக்கிறவன், இந்த வயதில் ஏன் பாடப் போனான் என்று நீ கேட்பாய். அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்.

நம்முடைய வீட்டில் மூன்று பேர் இருந்தோம், குரல் இரண்டுதான் இருந்தது. அம்மாவின் குரலும் உன்னுடைய குரலும். அம்மா மூதூரில் படிப்பித்த காலம் உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. நீ அப்போது மிகவும் சின்னப் பிள்ளை. காலையில் குடாவைக் கடக்கும் மோட்டார் படகில், லோஞ்சில் போவாள், பின்னேரம் லோஞ்சில் வருவாள். நான் வேலை முடிந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போவேன். சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் கயிறு கட்டும் கல் ஒன்று இருக்கும், அதில் உன்னை ஏற்றி நிறுத்திப் பிடித்துக்கொள்வேன். வாடைக்காற்றுக் காலத்தில் குடாவுக்குள் அலை எழும்பும், லோஞ்சு மூக்கை நீட்டி நீட்டிக் குத்தும். அந்த நாட்களில் பயத்தை மறக்க ரீச்சர்மார் எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம். அம்மாதான் தொடங்குவாளாம். அவளோடு வரும் முஸ்லிம் ரீச்சர் ஒருவர், "நீங்க படிங்க டீச்சர், நான் கலிமா சொல்றன், எது முந்திப் போய்ச் சேருதோ பாப்பம்" என்று சொல்லிச் சிரிப்பாராம்.

லோஞ்சு வெறும் புள்ளியாகத் தெரியும்போதே நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். "அப்பா, அம்மா பாடுறா." நான் காதைத் தீட்டிக் கேட்பேன். எனக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும். "எங்க மகன், எனக்குக் கேக்கேல்லையே" என்றால், நீ ஏதோ செவிட்டுக் கிழவனுக்கு விளக்குவது போல அந்த மெட்டை எனக்குப் பாடிக் காட்டுவாய். லோஞ்சு கிட்ட வந்ததும் பார்த்தால் அதே மெட்டு. நான் ஆச்சரியப்பட்டு நிற்பேன். அம்மா இறங்கி வந்து பையை என்னிடம் தந்துவிட்டு உன்னைத் தூக்குவாள். நீங்கள் இரண்டு பேரும் வீடு வரும்வரைக்கும் விட்ட இடத்தில் இருந்து பாடிக்கொண்டு வருவீர்கள். பையைச் சுமந்துகொண்டு இரண்டடி பின்னால் நடந்து வருவேன். அந்தப் பின்னேரங்களைப் போல நான் சந்தோசமாக இருந்த நேரம் வேறு இல்லை. இன்றைக்கும் அந்த வீதியில் போகும்போது கால் தானாகவே கொஞ்சம் மெதுவாகிவிடும், முன்னால் போகிறவர்களுக்கு இடம் விடுவது போல.

நான் ஏன் சேர்ந்து பாடவில்லை என்று நீ ஒரு முறை கேட்டாய். "அப்பாவுக்குக் குரல் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்போம். சங்கீத மாஸ்டர் எங்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்பார். யாருடைய குரல் சேரவில்லையோ அவனுடைய தோளில் கையை வைப்பார். கை வைத்தால் அவன் பாடுவதை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைக்க வேண்டும். ஒரு நாள் என்னுடைய தோளில் கை விழுந்தது. அன்றைக்கு நிறுத்தியவன்தான். பல வருடம் கழித்து, உத்தியோகம் கிடைத்த பிறகு, அதே மாஸ்டரைக் கடைத்தெருவில் கண்டேன். வயது போய், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்னோடு கதைத்துக்கொண்டு நின்றபோது சும்மா என்னுடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டார். சின்ன வயதில் இருந்தே அந்தக் கால் பலவீனம் என்றும், நெடுநேரம் நின்றால் எதையாவது பிடிக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவர் கை வைத்தது என்னை நிறுத்துவதற்கோ, தான் விழாமல் இருப்பதற்கோ? கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி சேர், பிறகு சந்திப்பம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்: யாராவது உன் தோளில் கை வைத்தால் எதற்கென்று கேட்டுவிடு. அன்றைக்கே கேள்.

அம்மா என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தாள். நான் எதற்கும் முதலில் ஓம் என்றுதான் சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எந்தக் கேள்வியையும் இரண்டு தரம் கேட்பாள். முதல் தரம் குசினிக்குள் சமைத்தபடி கேட்பாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்பாள். "இஞ்சேருங்கோ, இப்ப சொல்லுங்கோ. உண்மையா விருப்பமோ?" அப்போதுதான் நான் "அவ்வளவு இல்லை" என்பேன். "அதை அப்பவே சொன்னா என்னவாம்? உங்கட முதல் ஓமை வச்சு ஒரு தேத்தண்ணிகூடப் போட ஏலாது" என்பாள். உனக்குச் சாம்பல்தீவில் காணி வாங்க இருந்து வாங்காமல் விட்டது, நான் கொழும்புக்கு இடமாற்றம் எடுக்க இருந்து எடுக்காமல் விட்டது, எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியால்தான். அவள் போன பிறகு என்னிடம் யாரும் எதையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. எல்லோரும் முதல் ஓமோடு போய்விடுகிறார்கள். அவர்களில் பிழை இல்லை. ஓம் என்றால் ஓம் என்றுதானே யாரும் எடுப்பார்கள்.

அவளுடைய முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி, உனக்கு நினைவிருக்கும். சடங்கு முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னர், படத்துக்கு முன்னால் இருந்து நீ அவள் லோஞ்சில் பாடுகிற பாட்டைப் பாடத் தொடங்கினாய். இரண்டாவது அடியில் உனக்குக் குரல் நின்றுவிட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், நான் எடுத்துப் பாடுவேன் என்று. எனக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெரியும். எத்தனை வருடம் பின்னால் நடந்து கேட்டிருக்கிறேன்! ஆனால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் தொடர்ந்து பாடி முடித்தது. நீ அதைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நீ திரும்பிப் போன அடுத்த கிழமை நான் அந்தக் கல்லூரியின் வாசலில் போய் நின்றேன். உள்ளே போக எனக்கு மூன்று சனிக்கிழமை எடுத்தது. வீதியில் திரிகிற மான்கள் வாசலில் படுத்திருக்கும், அவற்றைக் கலைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பி வருவேன்.

ஆரம்ப வகுப்பில் நிறையப் பேர். பெரும்பாலும் பெண்கள். நான் கடைசி வரிசையில், யன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் சேர்ந்துதான் பாடுவோம், அதனால் எனக்கு வசதி. என்னுடைய வழக்கப்படி வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். ஒரு பாடம் சரிவரும்வரைக்கும் அடுத்ததைத் தொடுவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று வெட்கம். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து வாளிக்குள் விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பாடினேன். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு ஹனிஃபா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, ஒங்கட பைப்பு ஒடஞ்சி போச்சா? வெள்ளன எழும்பினா தண்ணி ஓடுற சத்தம்தான் கேக்குது. உள்ளுக்கு ஆரோ முனகுற மாதிரியும் கேக்குது."

நான் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினேன்.

"காத்துப் பிடிச்சா பைப்பு அப்பிடித்தான் முனகும். என்ட மருமகன் கிண்ணியாவில பைப்பு வேலதான் செய்யிறான். வரச் சொல்லட்டா?"

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளை சாமான் பெட்டியோடு வந்தான். ஒரு பழுதும் இல்லாத குழாயைக் கழற்றினான், பார்த்தான், தலையைச் சொறிந்தான், புதுக் குழாய் ஒன்று பூட்டிவிட்டுப் போனான். நான் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "பெரிய உதவி தம்பி" என்று வேறு சொன்னேன். அம்மா இருந்திருந்தால் நிலத்தில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். பிறகு மத்தியானத்தில், மாவு ஆலைக்குக் கப்பல் வந்து ஊதுகிற நேரங்களில் மட்டும் பாடப் பழகினேன். கப்பல் வராத கிழமைகளில் படிப்பு பின்தங்கிவிடும்.

இந்த வருடம் இடைநிலை வகுப்புக்குப் போனபோது ஏழு பேர்தான் மிஞ்சியிருந்தோம். ஆண் என்று நான் ஒருவன். ரீச்சர் புதியவர், உன்னைவிட வயது குறைவு. முதல் நாளே சொல்லிவிட்டார், இந்த வகுப்பில் கூட்டமாகப் பாடுவது குறைவு, ஒவ்வொருவரும் தனியாகப் பாட வேண்டும் என்று. தை மாதக் கடைசியில் ஒரு சின்ன அரங்கேற்றம் மாதிரி வைப்பார்கள், அதில் ஆளுக்கொரு கீர்த்தனை. அன்றிரவு பேரை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டுவதற்கும் ரீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. அதற்குப் பயந்துகொண்டே தொடர்ந்து போனேன். என்னுடைய முறை வருவதைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, போன சனிக்கிழமை வந்தே விட்டது.

பாடுவதற்குப் பின்னால் ஒரு பெட்டி ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்கும், சுருதிப்பெட்டி. அதில் வைத்திருக்கிற உயரத்தில்தான் பாட்டின் முதல் சுரம் நிற்க வேண்டும். அந்த உயரத்தைக் கட்டை என்று சொல்வார்கள். பெண்களுக்கு ஐந்து, ஆறு கட்டை. ஆண்களுக்கு ஒன்று, இரண்டு. இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். படித்து விளங்கி வைத்திருந்தேன். நான் எழுந்து முன்னால் போய் நின்றதும் ரீச்சர் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, உங்கட சுருதி எத்தினை கட்டை?"

"இருக்கிறதே காணும் ரீச்சர்."

"இது இவையளுக்கு வச்சது. இதில நீங்கள் பாட ஏலாதே. போன வருசம் என்ன சுருதியில பாடினனீங்கள்?"

"இதிலதான்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். "ஒரு வருசமாவோ? மேல போகேக்க என்ன செய்தனீங்கள்?"

பொய் சொல்ல வரவில்லை. "வாயை மட்டும் அசைச்சனான்" என்றேன்.

பின்னால் பவளராணி கையைத் தட்டினாள். அவள் சாம்பல்தீவில் தையல்கடை வைத்திருக்கிறாள், பஸ்ஸில் வருவாள், ஆரம்ப வகுப்பில் இருந்தே எனக்குப் பக்கத்து இடம். "அதுதானே பாத்தன் ரீச்சர்! மேல போகேக்க ஐயாவின்ர கழுத்து நரம்பு நங்கூரக் கயிறு மாதிரி இழுபடும், சத்தம் மட்டும் வராது. நெஞ்சுக்குள்ள ஏதோ வருத்தமாக்கும் எண்டு பயந்து நான் ஒரு நாள் சோடா வாங்கிக் குடுத்தனான். அதையும் ஓம் எண்டு வாங்கிக் குடிச்சவர்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. பிறகு ரீச்சர் சுருதியைக் கீழே இறக்கத் தொடங்கினார்.

"இது?"

"நல்லம் ரீச்சர்."

"இது?"

"இதுவும் நல்லம்."

"இது?"

"ஓம், நல்லம்."

ரீச்சர் பெட்டியில் இருந்து கையை எடுத்தார். "ஐயா, எல்லாம் நல்லமா இருக்க ஏலாது. ஒண்டுதான் உங்களுக்குச் சரிவரும். நான் பாத்துச் சொல்லலாம். சொன்னா அதுக்கும் ஓம் எண்டுவீங்கள். அதால நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் இருக்கிறம்." சொல்லிவிட்டுப் பாயில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாக இருந்தார்.

மகன், அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே துறைமுகம் சலனமில்லாமல் கிடக்கிறது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, ஒருவரும் எனக்காகச் சொல்லவும் இல்லை. மனதுக்குள் முதல் சுரத்தை வைத்துப் பார்த்தேன். உண்மையில் அதன் உயரம் எனக்குக் கூடுதலாகத்தான் இருந்தது. "உயரம் கொஞ்சம் கூடிப்போச்சு ரீச்சர்" என்றேன். அவர் இறக்கினார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். இறக்கினார். இப்போது சுரம் தொண்டைக்குக் கீழே விழுந்துவிட்டது. "இது குறைஞ்சுபோச்சு, ஒண்டு ஏத்துங்கோ" என்றேன். ஏற்றினார். "இதுதான்" என்றேன். நான் ஒருவரிடம் 'அப்படி இல்லை, இப்படி' என்று அடுத்தடுத்துச் சொன்னது அலுவலகத்தில்கூட நினைவில்லை. ஒருவருக்கும் கோபம் வரவில்லை. வானம் இடியவில்லை. ஒன்றரைக் கட்டை என்று ரீச்சர் தன்னுடைய பெயர்ப் பட்டியலில் குறித்துக்கொண்டார்.

பிறகு பாடினேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, நீ கற்பனை செய்துகொள்ளாதே. எனக்கு நல்ல குரல் இல்லை. இரண்டு இடத்தில் தாளம் தவறியது. ஆனால் இருமுவதும், வாசலில் சத்தம் கேட்டால் 'ஆரது' என்று கேட்பதும், உன்னைச் சின்ன வயதில் கூப்பிட்டதும் எந்தத் தொண்டையோ, அதே தொண்டையில் இருந்து பாட்டும் வந்தது. அது எனக்குப் புதினமாக இருந்தது. இவ்வளவு காலமும் பாட்டு வருவது வேறு யாருடையதோ தொண்டையில் இருந்து என்று நினைத்திருந்தேன். மேல் சுரம் வந்தது, போய்த் தொட்டேன், திரும்பி வந்தேன். முடித்ததும் பவளராணி, "ஐயா, இந்தக் குரலை இவ்வளவு நாளும் எந்த அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்தனீங்கள்?" என்றாள். படியால் கீழே இறங்கினேன். வாசலில் மான்கள் நின்றன, நான் அவற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள்தான் நீ அழைத்தாய். நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளில் மனிதன் மாறுவதில்லை. "அப்பா, ஐப்பசிக்கு ரிக்கெற் போட்டிட்டன்" என்றாய். ஓம் என்றேன். "வீட்டை மாமாவிட்ட குடுத்திட்டு வந்திடுங்கோ, அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள்?" என்றாய். அதற்கும் ஓம் என்றேன். பிறகு நீ கேட்டாய், "உங்களுக்கு விருப்பம்தானே?" நீ இரண்டாம் தரம் கேட்டாய் மகன். அம்மாவைப் போலவே கேட்டாய். ஆனால் நான் போனைச் சரியாகப் பிடிக்கவில்லை; "முகத்தைக் காட்டுங்கோ அப்பா, விசிறிதான் தெரியுது" என்றாய். நான் திருப்பிப் பிடிப்பதற்குள் மருமகள் கூப்பிட்டாள், நீ போய்விட்டாய். என்னுடைய முகத்தை நீ பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. கூரை விசிறிக்கு முகம் இல்லையே.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். 'மகன், எனக்கு வர ஏலாது.' சின்ன வசனம்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னேன், முற்றம் கூட்டும்போது சொன்னேன். புதன்கிழமை நானே உன்னை அழைத்தேன், உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். "மகன், எனக்கு..." என்றேன். "என்ன அப்பா? சத்தமாச் சொல்லுங்கோ, ட்ராமுக்குள்ள நிக்கிறன், ஒண்டும் கேக்கேல்லை" என்றாய். "ஒண்டுமில்லை மகன், சாப்பிட்டியோ?" என்று கேட்டு வைத்துவிட்டேன். ஆகவேதான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்தை நீ ட்ராமுக்குள்ளும் வாசிக்கலாம்.

நான் தனியாக இருக்கிறேன் என்று நீ பயப்படுகிறாய். அது நியாயமான பயம். விழுந்தால் யார் தூக்குவது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று நானும் யோசிப்பேன். ஹனிஃபா பக்கத்தில்தான் இருக்கிறார், குழாய்ச் சத்தத்துக்கே எட்டிப் பார்க்கிற மனிதன் விழுந்த சத்தத்துக்கு வராமல் இருக்க மாட்டார். அதற்காக நான் ஒருநாளும் உன்னிடம் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் மெல்பேர்ணை வெறுக்கவும் இல்லை. எனக்கு இங்கே இருக்க விருப்பம், அவ்வளவுதான். சனிக்கிழமை வர வேண்டும் என்று வியாழக்கிழமையே காத்திருக்கத் தொடங்குகிறேன். அப்படி ஒரு காத்திருப்பு, நீயும் நானும் இறங்குதுறையில் நின்ற காலத்துக்குப் பிறகு எனக்கு இருந்ததில்லை. அதை விட்டுவிட்டு வந்து உன் வீட்டில் ஒரு கதிரையில் இருந்தால், நீ கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு இருப்பேன். நான் சந்தோசமாக இருக்கிறேன் என்று நீயும் நம்பிவிடுவாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீயும் என்னைப் போலத்தான். வேலையிடத்தில் விடுமுறை நாளிலும் வரச் சொன்னால் ஓம் என்று போய்விடுகிறாய் என்று மருமகள் குறைப்பட்டாள். உன்னுடைய குரல் அம்மாவினது, இந்தக் குணம் மட்டும் என்னிடம் இருந்து வந்துவிட்டது. சித்திரையில் உனக்குப் பிள்ளை பிறக்கும். அது எதற்காவது உடனே ஓம் என்று சொன்னால் நம்பிவிடாதே. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேள். அதைச் செய்ய உன் அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் சொல்லித்தான் வர வேண்டும்.

ஆகவே ஐப்பசி ரிக்கெற்றை மாற்றிவிடு. தை மாதத்தில் நான் தனியாகப் பாட வேண்டும். அது முடிந்த பிறகு, பிள்ளை பிறக்கும்போது வருகிறேன். போய்வருகிற சீட்டாகப் போடு. மூன்று மாதம் நிற்பேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், நீ சொல்லும் இடமெல்லாம் வருவேன். அடுத்த வகுப்புத் தொடங்குவதற்கு முன்னர் திரும்பி வந்துவிடுவேன். வீட்டுச் சாவி என்னிடமே இருக்கட்டும். மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார், எனக்கு விருப்பம் இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார்.

இதை வாசித்ததும் உனக்குக் கோபம் வரலாம். கோபப்படு. அம்மா கோபித்துக் கதைக்கும்போது நான் கோழிக்குத் தீன் போடப் போகிறவன் மாதிரிப் பின்வளவுக்குப் போய்விடுவேன், உனக்குத் தெரியும். இந்த முறை போகமாட்டேன். நீ ட்ராமுக்குள் நிற்காத ஒரு நேரமாகப் பார்த்து எடு. போனை நேராகப் பிடிக்கிறேன், என்னுடைய முகம் உனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதை. நான் இருந்து கடைசிவரைக்கும் கேட்பேன். கேட்டு முடிந்த பிறகு நீ திரும்பவும் ஒரு தரம் கேள், வருகிறீர்களா என்று. நான் இல்லை என்றுதான் சொல்லுவேன் மகன். அதை உனக்குக் கேட்கும்படியாகச் சொல்லுவேன்.

அன்புடன்
அப்பா